வண்டிக் கேள்விகள்: பூஸ்ட் முள் ஏன் துள்ளுகிறது?

இம்முறை மேசையில் சேர்ந்த கடிதங்களில் டேர்போ பற்றியவையே அதிகம். டேர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். பிரேக், பற்றரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எஞ்சின் உடைவதற்கு முன்னர் பதில் போய்ச் சேரவேண்டிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் டொயோட்டா ஸ்டார்லட் டேர்போ கார் இருக்கிறது, ஈபி82 வகை. அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால் பூஸ்ட் முள் 0.95 பார் வரை பாய்கிறது. அந்தக் கணத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் தயங்குகிறது. பிறகு முள் இறங்கி 0.65 இல் நின்றுகொள்கிறது. கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் கையால் திருகிச் சரிசெய்யும் பூஸ்ட் கொன்ட்ரோலர் ஒன்று வாங்கி வந்தேன். அதைப் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். பூட்டலாமா?
— கொக்குவில் வாசகர்

பதில்: பூட்டலாம். ஆனால் இந்தக் கிழமை வேண்டாம், தம்பி. பெட்டியை அலுமாரியில் வைத்துவிட்டு நான் சொல்வதை முதலில் பாருங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. முள் எவ்வளவு துள்ளினாலும் கடைசியில் 0.65 இல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரில் சுவிட்சைக் கூடிய பூஸ்ட் பக்கம் வைத்தால் தொழிற்சாலை கொடுத்த அளவு அதுதான். குறைந்த பக்கம் வைத்தால் 0.4 அளவில் நிற்கும். சரியான இடத்தில் வந்து நிற்கிறது என்றால், பூஸ்டை அளவோடு நிறுத்தும் கதவை அசைக்கிற அக்சுவேற்றருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் சவ்வும் உயிரோடு இருக்கின்றன. வேலை நடக்கிறது, பிந்தி நடக்கிறது.

தோட்டத்துக்கு இறைத்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். மோட்டர் தண்ணீரை அடித்துக்கொண்டேயிருக்கும். ஒரு பாத்தி நிரம்பியதும் தண்ணீர் மாறுகிறவர் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும். அவர் இரண்டு கணம் பிந்தினால் வரம்பு உடைந்துபோகும். டேர்போவில் அந்தத் தண்ணீர் மாறுகிற வேலையை வேஸ்ட்கேட் என்ற சிறிய கதவு செய்கிறது. புகைக்காற்று டேர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, மறுபக்கச் சக்கரம் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும், மெல்லிய ஹோஸ் ஒன்றின் வழியாக அதே அழுத்தம் அக்சுவேற்றரின் தகரக் கூட்டுக்குள் புகுந்து, சவ்வைத் தள்ளி, கம்பியை நீட்டி, கதவைத் திறக்கிறது. மிச்சப் புகை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. செய்தி போய்ச் சேரப் பிந்தினால், அல்லது கதவு திறக்க அடம்பிடித்தால், அந்த இடைவெளியில் முள் துள்ளும்.

பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது என்றீர்களே, அது உங்கள் காரின் கணினி செய்த உதவி. உள்ளெடுப்புக் குழாயின் அழுத்தத்தை அது ஓர் உணரியால் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் பெற்றோலை நிறுத்திவிடுகிறது. பலர் இதைப் பிளக் கோளாறு என்றும் பெற்றோல் பம்ப் கோளாறு என்றும் எண்ணிப் பணம் செலவழிக்கிறார்கள். சிலர் இதைவிட மோசமாக, அந்த உணரியை ஏமாற்றும் சிறு பெட்டியொன்றை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியை மட்டும் உங்கள் காருக்குள் விடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தாமதம் எங்கே என்று தேடுவோம். போனற்றைத் திறந்து, டேர்போவின் காற்றுப் பக்கக் கூட்டிலிருந்து அக்சுவேற்றர்வரை அந்த ஹோஸை விரலால் தொட்டுத் தொட்டுப் போங்கள். சென்ற மாதம் என் கராஜுக்கு வந்த காரொன்றில் அந்த ஹோஸ் 1 மீற்றர் 30 சென்ரிமீற்றர் நீளம் இருந்தது. அது கண்ணாடி கழுவும் தண்ணீர் போகிற மெல்லிய குழாய். முன்னர் யாரோ பூட்டிய ஏதோ ஒரு கருவிக்காக எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய், கருவியைக் கழற்றிய பிறகும் ஹோஸை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேலே, உள்விட்டம் 4 மில்லிமீற்றர் உள்ள சிலிக்கன் ஹோஸ் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கினேன். முள் துள்ளியது பாதியாகக் குறைந்தது. வேறெதையும் நான் தொடவில்லை.

மீதிப் பாதி கதவில் இருந்தது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கம்பியின் நுனியிலுள்ள சிறு கிளிப்பைக் கழற்றி, கதவின் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். உரசலின்றி வந்து போகவேண்டும். எங்கள் பக்கத்தில், அதிலும் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பகுதிக்குப் போய்வருகிற வண்டிகளில், உப்புக்காற்று இந்தக் கீலைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காரில் கதவின் கை பாதி தூரம்வரை இலகுவாக வந்து, அங்கே ஒரு கணம் நின்று, பிறகு 'டக்' என்று விலகியது. அந்த ஒரு கணம்தான் முள்ளில் தெரிந்தது. துரு இளக்கும் திரவத்தை விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு மணிநேரம் கையால் ஆட்டி ஆட்டி அதை விடுவித்தேன். கம்பியைத் திரும்ப மாட்டும்போது அதன் நீளத்தையும் பாருங்கள். கூடுதல் பூஸ்ட் வேண்டும் என்று முன்னைய சொந்தக்காரர் அதை இறுக்கிக் குறுக்கியிருந்தால் கதவு திறக்கவே அதிக அழுத்தம் கேட்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முள் துள்ளுகிறது என்றால், அக்சுவேற்றருக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற, மின்சாரத்தால் இயங்கும் பழைய வால்வின்மேல் சந்தேகப்படலாம். உங்கள் காருக்கு முப்பது வயது கடந்திருக்கும். அந்த வால்வு அழுக்கேறிச் சோம்பிப்போவது வழமை. அப்போது அலுமாரியைத் திறந்து கொன்ட்ரோலரை எடுங்கள்.

நீங்கள் வாங்கியது குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட வகை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. நல்ல தெரிவு. ஸ்பிரிங் ஒரு சிறு உருக்குக் குண்டை வாசலில் அழுத்தி வைத்திருக்கும். குறித்த அழுத்தம் வரும்வரை அக்சுவேற்றருக்கு ஒரு செய்தியும் போகாது. வந்ததும் குண்டு எழும்பும், முழு அழுத்தமும் ஒரே தடவையில் போய்ச் சேரும். கதவு தயக்கமில்லாமல் திறக்கும்.

பூட்டும்போது அம்புக்குறியைப் பாருங்கள், இரண்டு தடவை பாருங்கள். அழுத்தம் குண்டின் பக்கத்திலிருந்து வரவேண்டும். மாற்றிப் பூட்டினால் அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து குண்டை வாசலில் அழுத்திவிடும். கதவு திறக்கவே திறக்காது, பூஸ்ட் எல்லையில்லாமல் ஏறும். அக்சுவேற்றர் பக்கத்தில் ஊசிமுனையளவு துளை ஒன்று இருக்கும். காற்றுக் கசிகிறதே என்று அதைப் பசையால் அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்கக் கூடாது. அக்சிலேற்றரை விட்ட பிறகு ஹோஸுக்குள் சிக்கிய அழுத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறி, கதவு மூடிக்கொள்கிறது. கருவியை டேர்போவுக்குக் கிட்ட, ஆனால் புகைக்குழாயின் சூடு படாத இடத்தில் வையுங்கள். கார் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் திருக இலகுவாக இருக்கும் என்று ஆசைப்படாதீர்கள். ஹோஸ் திரும்பவும் நீண்டுவிடும், பழைய வருத்தம் திரும்பிவரும்.

திருகை முழுவதும் தளர்த்திய நிலையில் தொடங்குங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஆளில்லாத நேரான வீதியில் இரண்டாம் கியரில் எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றிலிருந்து 4500 வரை இழுத்தால் போதும். வேகம் 60 கிலோமீற்றரை அண்டியதும் சோதனை முடிந்துவிடும். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள். 0.65 இல் நின்றதும் பூட்டும் நட்டை இறுக்கிவிடுங்கள். அதற்கு மேலே திருக உங்கள் கை பரபரக்கும். எனக்கும் அந்த வயதில் பரபரத்தது.

ஜப்பானில் இந்த வகைக் கார்களுக்கு ஊற்றும் உயர்தரப் பெற்றோல் 96 ஒக்டேனுக்குக் குறையாதது. நம்மிடம் வழமையாகக் கிடைப்பவை 92, 95. டேர்போ காருக்கு 92 ஊற்றாதீர்கள். பூஸ்ட் கூடக் கூட எரிகலவை தன்பாட்டில் வெடிக்கப் பார்க்கும். அந்த ஓசை எனக்கு மனப்பாடம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில்தான் நான் தொழில் பழகினேன். சிறிது பெற்றோலைக் காபுறேற்றருக்குள் துளித்துளியாக விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஏற்றமே இல்லாத எங்கள் வீதிகளிலும் ஆணி நிறைந்த தகரப் பேணியைக் குலுக்கியதுபோல் சத்தமிட்டன. அந்த எஞ்சின்கள் அமுக்கம் குறைந்தவை, தாங்கிக்கொண்டன. டேர்போ எஞ்சின் தாங்காது. ஆணிச் சத்தம் கேட்ட உடனே காலை எடுத்துவிடுங்கள்.

முன்னர் சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்கிறேன். உங்கள் கடிதங்கள் பறக்காமல் இருக்க என் மேசையில் பாரமாக வைத்திருப்பது ஒரு பிஸ்டன். முதலாம் றிங்குக்கும் இரண்டாம் றிங்குக்கும் இடையிலுள்ள விளிம்பு கட்டைவிரல் நகத்தளவு உடைந்திருக்கிறது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், உடைத்த கற்கண்டுபோல் மணிமணியாக இருக்கும். அந்தக் காருக்கு கொன்ட்ரோலர் பூட்டியவன் நான். சொந்தக்காரர் அவசரப்படுத்தினார். ஹோஸின் ஒரு முனைக்குக் கிளிப் போட்டேன், மறுமுனை இறுக்கமாகத்தான் இருந்தது என்று விட்டுவிட்டேன். பெற்றோல் நிறுத்தத்தை ஏமாற்றும் பெட்டி அந்தக் காரில் ஏற்கெனவே இருந்தது. ஆனையிறவு தாண்டிப் பரந்தன் பக்கம் போகும்போது, சூட்டில் இளகிய ஹோஸ் கழன்றது. வேஸ்ட்கேட்டுக்குச் செய்தியில்லை, கணினிக்குக் கண்ணில்லை. மூன்றாம் சிலிண்டர் போயிற்று. எஞ்சினை என் செலவில் கட்டிக் கொடுத்தேன். பணம் போனது பெரிதில்லை. அந்தப் பிள்ளை குடும்பத்தோடு இருட்டில் ஏ9 வீதியோரம் நின்ற அந்த மூன்று மணிநேரத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே கிளிப் இரண்டு, தம்பி. இரண்டு முனைக்கும்.

கேள்வி: கொன்ட்ரோலருக்கு ஏன் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும்? மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் திருகை ஒரு ரீ-இணைப்போடு பூட்டியிருக்கிறேன். பூஸ்ட் கூடுகிறது, ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு காட்டுகிறது.
— வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: உங்கள் கைவண்ணத்தை மதிக்கிறேன். இல்லாத காலத்தில் இருப்பதை வைத்து ஓடப் பழகிய ஊர் இது. நீங்கள் செய்தது கசியவிடும் வகைக் கொன்ட்ரோலர்தான், தத்துவம் சரி. அக்சுவேற்றருக்குப் போகும் காற்றில் ஒரு பங்கைத் திருகு வெளியே விடுகிறது, அக்சுவேற்றர் உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தையே உணர்கிறது, ஆகவே கதவு பிந்தித் திறக்கிறது.

ஆனால் அந்தத் திருகு அறைச் சூட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கச் செய்யப்பட்டது. போனற்றுக்குக் கீழே பிளாஸ்டிக் இளகுகிறது, எஞ்சின் அதிர்வில் திருகு தானாகச் சுழல்கிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு காட்டுவது அதனால்தான். அது திறக்கும் பக்கம் சுழன்றால் பூஸ்ட் கூடும், உங்களுக்குத் தெரியாமலே கூடும். மேலும் கசியவிடும் வகையில் செய்தி பாதி வழியில் ஒழுகிப்போவதால் கூடு நிரம்பப் பிந்துகிறது. முள் துள்ளும் நோய்க்கு இது மருந்தாகாது, நோயைக் கூட்டும். இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பித்தளையில் கடைந்த, பூட்டும் நட்டுள்ள கருவி ஒன்று வாங்கும்வரை ஹோஸை நேராக அக்சுவேற்றருக்குக் கொடுத்து ஓடுங்கள்.

கேள்வி: 660 சிசி டேர்போ காருக்குப் பெரிய சைலன்சர் குழாய் போட்டேன். இப்போது எஞ்சின் வேகம் ஏற ஏறப் பூஸ்டும் ஏறிக்கொண்டே போகிறது. கொன்ட்ரோலரை முழுதாகத் தளர்த்தியும் குறையவில்லை.
— சாவகச்சேரி வாசகர்

பதில்: இது துள்ளல் இல்லை, ஊர்தல். கொக்குவில் வாசகரின் முள் பாய்ந்து இறங்கியது, உங்களுடையது இறங்கவே இல்லை. கதவு முழுதாகத் திறந்திருந்தும், அந்தச் சிறு வாசலால் போகக்கூடிய புகையைவிட அதிகம் வருகிறது. தடையில்லாத புதிய குழாய் டேர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. கொன்ட்ரோலரால் பூஸ்டைக் கூட்டத்தான் முடியும். அக்சுவேற்றரின் ஸ்பிரிங் தருகிற அளவுக்குக் கீழே அதனால் கொண்டுவர முடியாது. பழைய குழாயைத் திரும்பப் போடுங்கள், அல்லது டேர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் வாசலை அளவாகப் பெருப்பிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை அக்சிலேற்றரை முழுதாக மிதிக்காதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணம்–கொழும்பு ஓடும் டீசல் வான் என்னுடையது. முந்திச் செல்லும்போது பூஸ்ட் திடீரென்று ஏறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி பலமிழந்து போகிறது. நிறுத்தி அணைத்து எழுப்பினால் சரியாகிறது. இதற்கும் அந்தக் கொன்ட்ரோலர் உதவுமா?
— நெல்லியடி வாசகர்

பதில்: உதவாது, அண்ணை. நீங்கள் அனுப்பிய படத்திலுள்ள டேர்போவில் வேஸ்ட்கேட்டே இல்லை. சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கின்றன. அவை சரிந்து புகையின் வழியை ஒடுக்கியும் அகட்டியும் பூஸ்டைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை அசைப்பது வெற்றிடக் குழாயோ மின்மோட்டரோ, வண்டிக்கு வண்டி மாறும். அழுத்தத்துக்குச் செய்த கருவியை அங்கே செருகினால் கணினி குழம்பும்.

உங்கள் நோய் பெரும்பாலும் கரி. நகருக்குள் மெதுவாக ஓடி, நின்று நின்று ஆளேற்றும் வண்டிகளில் இதழ்களுக்கிடையில் கரி படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். பிழைக்குறியீட்டை முதலில் வாசிப்பியுங்கள், கையால் இயக்கும் வெற்றிடப் பம்பால் அல்லது கணினியால் அந்தக் கம்பி முழுத் தூரமும் போய்வருகிறதா என்று பார்ப்பியுங்கள். ஒட்டியிருந்தால் டேர்போவைக் கழற்றித் துப்புரவு செய்யத்தான் வேண்டும். முந்திச் செல்லும் நடுவழியில் பலம் போவது உயிர் விளையாட்டு. பின்னால் பதினான்கு பேர் நித்திரையில் இருப்பார்கள். சரிசெய்யும்வரை அந்த வானைக் கொழும்புக்கு விடாதீர்கள்.

கேள்வி: நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறியியல் படிக்கிறேன். அக்சுவேற்றர் நல்லதா கெட்டதா என்று கழற்றாமல், விலையான கருவிகள் இல்லாமல் வீட்டிலேயே சோதிக்க முடியுமா? அம்மாவின் இரத்த அழுத்தமானி உதவுமா?
— கோண்டாவில் மாணவி

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது, பிள்ளை. அளந்து பார்க்க நினைக்கிற கை நல்ல கை.

அம்மாவின் மானி 300 மில்லிமீற்றர் இரசம்வரைதான் காட்டும். அது 0.4 பார். குறைந்த பூஸ்ட் அக்சுவேற்றருக்குச் சரியாக இருக்கும், 0.65க்குப் போதாது. ஆகவே மானியை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். உங்கள் காரின் பூஸ்ட் கேஜையே பயன்படுத்துங்கள். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வால்வை, சுற்றியுள்ள ரப்பரோடு வெட்டி எடுங்கள். அதை ஒரு துண்டு ஹோஸுக்குள் செருகிக் கிளிப்பால் இறுக்குங்கள். அந்த ஹோஸை ஒரு ரீ-இணைப்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை பூஸ்ட் கேஜுக்கும் மற்றதை அக்சுவேற்றருக்கும் கொடுங்கள். இப்போது சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். அவசரப்பட்டு அடித்தால் சவ்வு கிழியும், 1 பாரைத் தாண்டக் கூடாது.

கம்பியில் திருத்தும் திரவத்தால் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்தால், அது அசையத் தொடங்கும் கணம் தெளிவாகத் தெரியும். அந்தக் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். ஐந்தும் கிட்டக்கிட்ட வந்தால் ஸ்பிரிங் நல்லது. ஒவ்வொரு தடவையும் மாறினால் கம்பியோ கதவின் கீலோ எங்கோ பிடிக்கிறது. கிளிப்பைக் கழற்றிக் கம்பியை மட்டும் தனியாகச் சோதித்தால் எது என்று பிரிந்துவிடும்.

பிறகு 0.5 அளவில் அடித்து நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். விழுந்தால் முதலில் உங்கள் இணைப்புகளுக்கும் சைக்கிள் வால்வுக்கும் சோப்பு நீர் தடவுங்கள். அங்கே குமிழி இல்லாமல், அக்சுவேற்றரின் தகரக் கூடு மடித்து இணைத்த விளிம்பிலோ கம்பி வெளியே வரும் துளையிலோ குமிழி வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அதை ஒட்டித் திருத்த முடியாது, புதியது போடவேண்டும். அந்த ஐந்து அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த எஞ்சின், எந்த டேர்போ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.